பிராக்கில் இரண்டு இரவு

ஜனவரி 21, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில் புதுக் கோப்பைகள் வாங்கினேன். பழையவை உடைந்துவிட்டன. இந்த முறை பிளாஸ்டிக். பார்க்க வடிவில்லை, ஆனால் தேத்தண்ணி குடிக்க எது என்றால் என்ன.

இந்த டயறி போன மாதம் நத்தார்ப் பண்டிகைக்கு வேலையிடத்தில் எல்லோருக்கும் கொடுத்தது. இவ்வளவு நாளும் மேசையில் கிடந்தது. வீட்டில் கதைக்க ஆள் இல்லாதபோது எழுதினால் மனம் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். ஆள் இல்லை என்று எழுதியது பிழை. என் மகன் டெஸ்மன் இருக்கிறான். இருபத்தேழு வயது. ஒரு கிடங்கில் வேலை செய்தான். அங்கே யாருடனோ வாக்குவாதப்பட்டு நின்றுவிட்டான். அவனுடைய அப்பா செத்து நாலு வருடம். அதிலிருந்து நானும் அவனும்தான். நல்ல பிள்ளை.

வெள்ளிக்கிழமை நகுலா ஒரு கதை தொடங்கினாள். நானும் அவளும் ஹரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பல வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம். மிச்ச லீவை மார்ச் முடிவதற்குள் எடுக்காவிட்டால் அது போய்விடும்.

“அக்கா, நாங்கள் ரெண்டு பேரும் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு எங்கையாவது போயிட்டு வருவம். இந்த நாட்டுக்கு வந்து செத்தவீடு, கலியாணவீடு தவிர நீங்கள் எங்க போனீங்கள்?”

“எங்கயடி போறது?”

“நீங்கள் சொல்லுங்கோ.”

யோசிக்காமல் “பிராக்” என்று சொல்லிவிட்டேன். சின்ன வயதில் ஊரில், குருநகரில் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த படத்தின் கீழே ‘பிராக் நகரின் அற்புதக் குழந்தை யேசு’ என்று எழுதியிருக்கும். அது உண்மையான ஊர், அங்கே பிளேன் போகும் என்பதெல்லாம் எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரியும்.

நகுலா சைவம். “உங்கட குழந்தைக்கும் எங்கட முருகனுக்கும் ஒரே வயசுதான். போவம்” என்றாள்.

ஜனவரி 26, வெள்ளி

இடைவேளையில் நகுலா போனைத் திறந்து வைத்துக்கொண்டு முழு ஊரையும் காட்டினாள். நதிக்கு மேலே ஒரு பழைய கல்லுப் பாலம், இரண்டு பக்கமும் புனிதர்களின் சிலைகள். ஒரு சதுக்கத்தில் பெரிய மணிக்கூடு. மணி அடிக்கும்போது சின்னக் கதவு திறந்து அப்போஸ்தலர்கள் வரிசையாகப் போவார்களாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் குழந்தை யேசுவின் கோயில். எல்லாம் நடக்கிற தூரம்தான்.

மார்ச் 8 வெள்ளி காலை போய் ஞாயிறு பின்னேரம் திரும்புவதாக முடிவு. ரிக்கற்றை அங்கேயே போட்டுவிட்டாள். அவளுக்கு எல்லாம் உடனே நடக்க வேண்டும். புருஷனை விட்டு வந்ததும் அப்படித்தான். ஒரு நாள் காலை பிரான்ஸிலிருந்து கைப்பையோடு ரெயின் ஏறியவள்.

“கையில என்னக்கா துணி சுத்தியிருக்கு?”

“குளியலறையில வழுக்கிப்போச்சு.”

“உங்கட குளியலறை நல்லா வழுக்குது” என்றாள். அவள் சிரிக்கவில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

டெஸ்மனுக்கு இன்னும் சொல்லவில்லை. நல்ல நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 3, சனி

சொல்லிவிட்டேன்! விளைமீன் பொரித்து, கத்தரிக்காய் குழம்பு வைத்து, சாப்பிட்டு முடிய விட்டுச் சொன்னேன். அவன் கோபிக்கவே இல்லை.

“பிராக்கா? அம்மா, அங்க எல்லாரும் பியர் குடிக்கத்தான் போறவங்க.”

“நான் கோயிலுக்குப் போறன் தம்பி.”

லாப்டொப்பைக் கொண்டுவந்து என் பக்கத்தில் இருந்து, பாலத்துக்குக் கிட்ட ஒரு ஹோட்டல் தேடித் தந்தான். படி ஏறத் தேவையில்லாத அறை வேண்டும், காலைச் சாப்பாடு வேண்டும் என்று அவனே யோசித்துப் பார்த்தான். “நீங்க ஒரு இடமும் போனதில்லைதானே அம்மா. போயிட்டு வாங்க” என்றான்.

அவன் அப்படித்தான். ஒன்பது வயதில், அவனுடைய அப்பா கோபத்தில் எழும்பினால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நிற்பான். அவனுடைய தலை என் நெஞ்சுக்குத்தான் வரும். அவர் அவனை ஒரு கையால் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு வருவார். அவன் திரும்ப ஓடி வந்து நிற்பான்.

இன்றைக்கு நல்லாக நித்திரை வரும்.

பிப்ரவரி 7, புதன்

டெஸ்மன் ஒரு வேலைக்கு நேர்முகம் போய் வந்தான். எடுக்கவில்லை. பழைய இடத்தில் என்ன நடந்தது என்று கேட்டார்களாம்.

நான் அப்போது என் வேலை உடுப்பை ஸ்திரிக்கை போட்டு மினுக்கிக்கொண்டிருந்தேன். “வேற வேலை வரும் தம்பி” என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த நேரத்தில் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் நல்லது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறந்துவிட்டேன்.

ஸ்திரிக்கைப் பெட்டியைப் பறித்து எறிந்தான். சூட்டோடு. என்னை நோக்கி எறியவில்லை, சுவரை நோக்கித்தான் எறிந்தான். நான் சுவருக்கு முன்னால் நின்றேன். குனிந்ததால் காது தப்பியது. கன்ன எலும்பில் அதன் நுனி பட்டது. சுவரில் ஒரு குழி விழுந்து சுண்ணாம்பு கொட்டிவிட்டது. கம்பளத்தில் முக்கோணமாக எரிந்த அடையாளம். கதிரையை அதற்கு மேலே இழுத்து வைத்தேன்.

குழியை அடைக்கிற பசை விற்பார்கள். நாளைக்கு வாங்க வேண்டும்.

பிப்ரவரி 8, வியாழன்

மன்னிப்புக் கேட்டான். தேத்தண்ணி போட்டுத் தந்தான். சீனி கூட.

பிப்ரவரி 14, புதன்

விபூதிப் புதன். வேலைக்குப் போகமுன் கோயிலுக்குப் போனேன். பங்குச் சுவாமி நெற்றியில் சாம்பல் பூசும்போது என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து கொஞ்சச் சாம்பலைக் கன்னத்துக்கும் இழுத்துவிட்டேன். இன்றைக்கு ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

இல்லத்தில் ஒரு வயதுபோன ஐயாவைக் குளிப்பாட்டும்போது அவருடைய தொடையில் நீலமாகக் கன்றிய இடம் ஒன்று கண்டோம். நானும் நகுலாவும் உடனே போய் மேலாளரிடம் சொன்னோம். அதுதான் விதி. யாருடைய உடம்பில் ஒரு சின்னக் கண்டல் கண்டாலும் சொல்ல வேண்டும். ஐயா கட்டில் கம்பியில் இடித்துக்கொண்டதாகச் சொன்னார்.

“இடிச்சால் இப்பிடி வராது” என்று நகுலா சொன்னாள். ஐயாவைப் பார்த்துச் சொல்லவில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

துணி அடுக்கும் அறையில் நகுலா கதவைச் சாத்திவிட்டு என் சட்டைக் கையை மேலே இழுத்தாள். கையில் நாலு விரல் பதிந்த இடம் மஞ்சளாக இருந்தது.

“இது எந்தக் குளியலறை அக்கா?”

நான் கையை இழுத்தேன்.

“டெஸ்மன்தானே?”

“வாயைப் பொத்து.”

“ரெண்டு வருசமாப் பொத்திக்கொண்டுதான் இருக்கிறன். நான் என்ன குருடியே? முந்தி என்ர உடம்பில நான் பாக்காத நிறமே?”

“அவன் என்ர பிள்ளை. உனக்குப் பிள்ளை இல்லை, உனக்கு என்னடி தெரியும்?”

அதைச் சொன்னதும் அவளுடைய முகம் மாறிவிட்டது. கட்டில் விரிப்புகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினாள். பிறகு, “பிராக்குக்கு வேற ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என்னிடம் இருந்த ஒரே சிநேகிதி.

பிப்ரவரி 20, செவ்வாய்

நகுலா கதைக்கவில்லை. நானும் போகவில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன்.

நேற்று டெஸ்மன் என் கட்டிலுக்குக் கீழே இருந்த பயணப் பையைக் கண்டுவிட்டான். நகுலா வராவிட்டாலும் தனியாகவாவது போவோமா என்று நினைத்து ஒரு சுவெட்டரும் செபமாலையும் வைத்திருந்தேன். மத்தியானத்திலிருந்தே குடித்துக்கொண்டிருந்தான். நான் குசினியில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தேன். பையைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினான்.

“நீங்க திரும்பி வரமாட்டீங்க.”

“ரெண்டு இரவுதான் தம்பி.”

“பொய். நகுலா ஆன்ரி உங்களைக் கூட்டிக்கொண்டு போயிடுவா. அவ தன்ர புருஷனை விட்டிட்டு வந்த மாதிரி. எனக்குத் தெரியும். பாஸ்போட்டைத் தாங்க.”

“தரமாட்டன்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வழக்கமாகக் கேட்டதைக் கொடுத்துவிடுவேன். கொடுத்திருந்தால் இது நடந்திராது.

என் தலைமயிர் அவன் கையில் அகப்பட்டது. முகம் பிறிட்ஜ் கதவில் பட்டது. திரும்பவும் பட்டது. நான் நிலத்தில் கிடந்தபோது அவன் கால் என் விலாவில் பட்டது. சப்பாத்துப் போட்டிருந்தான். உள்ளே ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த குச்சி முறிவது போல. பருப்பு அடிப்பிடித்து மணந்தது. அடுப்பை நிற்பாட்ட வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை.

பிறகு அழுதான். என்னைத் தூக்கிக் கதிரையில் இருத்தினான். உறைந்த பட்டாணிப் பையைத் துணியில் சுற்றிக் கண்ணில் வைத்தான். “நீங்க போனா நான் என்ன செய்யிறது அம்மா?” என்று என் மடியில் தலையை வைத்துக் கேட்டான். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

பாஸ்போட் எங்கே என்று அவன் பிறகு கேட்கவில்லை. அது அரிசி வாளிக்குள் இருக்கிறது.

பிப்ரவரி 29, வியாழன்

மூச்சு இழுத்தால் குத்துகிறது. நகுலா எனக்குப் போன் எடுத்துக்கொண்டே இருக்கிறாள். என் போன் டெஸ்மனிடம்.

மார்ச் 3, ஞாயிறு

நேற்று நடந்தது.

நகுலா வேலை உடுப்போடே நேராக வந்தாள். நான் மாடியில் படுத்திருந்தேன். மணிச் சத்தமும் அவளுடைய குரலும் கேட்டன.

“அம்மாவுக்குக் காய்ச்சல் ஆன்ரி. நித்திரை.”

“ஒருக்காப் பாத்திட்டுப் போறன் தம்பி.”

“நித்திரை எண்டு சொல்லுறன்.”

நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினேன். பாதிப் படியில் அவள் என்னைக் கண்டுவிட்டாள். என் முகம் அப்போது ஒரு பக்கம் கறுத்து வீங்கிக் கிடந்தது. அவள் கத்தவில்லை. ஒரு காலை வாசலுக்குள் வைத்தாள்.

“அக்கா, சப்பாத்தைப் போடுங்கோ. வாங்கோ, போவம்.”

டெஸ்மன் அவளை முகத்தில் குத்தினான். கையைப் பொத்திக் குத்தினான். அவள் சப்பாத்து அடுக்கின் மேல் விழுந்தாள். வாயிலிருந்து இரத்தம் கொட்டியது. எழும்பப் பார்த்தாள். வயிற்றில் உதைத்தான். தலைமயிரைப் பிடித்து நிலத்தில் இழுத்தான், தலையைக் கதவு நிலையில் மோதினான். எங்கள் வீட்டு வாசலில், பட்டப்பகலில். அந்த நேரத்திலும் அவள் என்னைப் பார்த்து, “அக்கா, ஓடுங்கோ” என்றாள்.

நான் குசினிக்கு ஓடினேன். பின்கதவு பூட்டியிருக்கவில்லை. அதால் போயிருக்கலாம். அடுப்பில் பொரிக்கிற இரும்புத் தாச்சி இருந்தது. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அவன் குனிந்து அவளுடைய கழுத்தைப் பிடித்திருந்தான். நகுலாவின் கால் நிலத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நான் என் மகனின் தலையில் அடித்தேன்.

அவன் விட்டுவிட்டுத் திரும்பினான். காதுக்கு மேலே பிளந்து கழுத்தால் இரத்தம் ஓடியது. “அம்மா?” என்றான். விளங்காத குரல். நான் திரும்பத் தாச்சியை ஓங்கினேன். அவன் பின்னுக்குப் போய்ப் படியில் இருந்துவிட்டான். தலையைப் பொத்திக்கொண்டு, “நீங்களா அம்மா அடிச்சனீங்க?” என்று கேட்டான்.

“ஓம் தம்பி. நான்தான்.”

நகுலாவின் பையில் இருந்த போனை எடுத்து அவசர இலக்கத்துக்கு அழைத்தேன். என் இங்கிலிஷ் அவ்வளவு போதாது, ஆனால் அப்போது எல்லாம் வந்தது. விலாசம் சொன்னேன். ஒரு பெண்ணை அடித்துவிட்டான், சாகப் போகிறாள் என்றேன். யார் அடித்தது என்று கேட்டார்கள். என் மகன் என்றேன். என் மகன், என் மகன் என்று நாலைந்து தரம் சொன்னேன் போல.

பொலிஸ் வரும் மட்டும் தாச்சியோடு நகுலாவுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றேன். அவன் படியை விட்டு எழும்பவில்லை.

பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பொலிஸ் பெண் என்னிடம் வாக்குமூலம் எடுத்தாள். தமிழில் மொழிபெயர்க்க ஒரு அம்மா போனில் இருந்தா. நகுலாவுக்கு நடந்ததை நான் வரிசையாகச் சொன்னேன். உங்களுடைய முகத்தில் என்ன நடந்தது என்று பொலிஸ் பெண் கேட்டாள்.

“பிறிட்ஜ் கதவில பட்டது.”

மொழிபெயர்க்கிற அம்மா அதை உடனே இங்கிலிஷில் சொல்லவில்லை. தமிழில் என்னிடம், “அக்கா, தானாப் பட்டதோ, ஒராள் கொண்டுபோய் அடிச்சதோ? நான் இங்கிலிஷில சொல்லேக்க ஏதாவது ஒண்டைத்தான் சொல்லலாம்” என்றா.

“அடிச்சவன்” என்றேன். “பிடிச்சு அடிச்சவன். விலாவில உதைச்சவன். ஸ்திரிக்கைப் பெட்டியால எறிஞ்சவன். அவன்ர அப்பாவின்ர செத்தவீடு முடிஞ்ச மாசத்தில இருந்து அடிக்கிறவன்.”

சொல்லத் தொடங்கியதும் நிற்பாட்ட முடியவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

எனக்கு இரண்டு விலா எலும்பில் வெடிப்பு. நகுலாவுக்கு முன்பல் இரண்டு போய்விட்டன. உதட்டில் தையல், கழுத்தில் அவனுடைய விரல்கள். டெஸ்மனுக்குக் காதுக்கு மேலே தையல். நேற்று நீதிமன்றத்தில் அவனை வரும் திங்கட்கிழமை வரை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

றீற்றா மச்சாள் போன் எடுத்தா. டெஸ்மனின் அப்பாவுடைய தங்கச்சி. எல்லாம் அவவுக்குத் தெரிந்திருக்கிறது.

“பெத்த பிள்ளையைப் பொலிசில குடுத்திட்டு நீ எப்பிடிச் சோறு தின்னுறாய்?”

“மச்சாள், அவன் நகுலாவைக் கொல்லப் பாத்தவன்.”

“அவளை ஆர் வீட்டுக்கு வரச்சொன்னது? நீயும்தானே அவன்ர மண்டையை உடைச்சனி. அதை ஆர் கேட்டது? என்ர அண்ணன் இருந்திருந்தால் இப்பிடி நடக்குமே?”

அவர் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 7, வியாழன்

பிராக்கை விட்டுவிடுவோம் என்று சொல்ல நகுலாவின் வீட்டுக்குப் போனேன். அவள் பாண் துண்டைத் தேத்தண்ணியில் ஊறவைத்துக் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தையல் போட்ட வாயால் கதைப்பது கஷ்டம். “போறம்” என்றாள்.

“இந்த முகத்தோடயோ?”

“அங்க எங்களை ஆருக்குத் தெரியும்?”

அன்றைக்குத் துணி அறையில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல், “குளிர் ஊர். தடிச்ச காலுறை எடுத்து வையுங்கோ” என்றாள்.

மார்ச் 8, வெள்ளி

விமான நிலையத்தில் பாஸ்போட் பார்த்தவன் எங்கள் இரண்டு பேருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். விபத்தா என்று கேட்டான். நகுலா “இல்லை” என்றாள், அவ்வளவுதான்.

வந்து சேர்ந்து பாலத்தில் நடந்தோம். நல்ல வெயில், ஆனால் காற்று வெட்டியது. ஒவ்வொரு சிலையாகப் பார்த்து வரும்போது என் போன் அடித்தது. அந்தப் பொலிஸ் பெண். டெஸ்மனின் வக்கீல் திங்கட்கிழமை அவனுக்குப் பிணை கேட்கப் போகிறாராம். வீட்டுக்கு அனுப்பக் கேட்கிறார்களாம். அவனை வீட்டில் ஏற்க எனக்குச் சம்மதமா, இல்லையா? நீதிபதி கட்டாயம் கேட்பார், திங்கள் காலைக்குள் சொன்னால் போதும், யோசியுங்கள் என்றாள்.

கல்லில் சாய்ந்துகொண்டு நின்றேன். விலா குத்தியது. நகுலாவிடம் சொன்னேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீ என்ன சொல்லுறாய்?”

“நான் சொல்லமாட்டன் அக்கா. என்ர பல்லை உடைச்சவன் நாளைக்கு உங்களைக் கொல்லுவான் எண்டு எனக்குத் தெரியும். ஆனா அவன் உங்கட பிள்ளை. எனக்குப் பிள்ளை இல்லை.”

குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னாள். எனக்குத்தான் முகத்தில் அறைந்தது போல இருந்தது.

மார்ச் 9, சனி

காலையில் கோயிலுக்குப் போனோம். குழந்தை யேசு அவ்வளவு சின்னன். ஒரு முழம்தான் இருக்கும். தவக்காலம் என்பதால் ஊதாப் பட்டுச் சட்டை, தலையில் கிரீடம், கண்ணாடிக்குள்ளே உயரத்தில். முழங்காலில் இருந்தேன். டெஸ்மனுக்காகத்தான் கேட்க வந்தேன். குணம் மாற வேண்டும், வேலை கிடைக்க வேண்டும் என்று இரண்டு மாதமாக மனதில் அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது இதுதான்: அவன் என்னைக் கொல்லாமல் இருக்க வேண்டும். அதைக் கேட்டுவிட்டு, ஒரு தாய் கேட்கிற வரமா இது என்று பயந்துபோனேன்.

முந்தி ஒரு சண்டைக் காலத்தில் படைக்காரர் கோயிலைக் கொள்ளையடித்து இந்தக் குழந்தையின் இரண்டு கையையும் உடைத்துக் குப்பையோடு போட்டார்களாம். வருடக்கணக்காக அப்படிக் கிடந்ததாம். சின்ன வயதில் அதைக் கேட்டு அழுதிருக்கிறேன்.

மேலே ஒரு அறையில் குழந்தையின் சட்டைகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ராணிகள் தைத்துக் கொடுத்தவை, தூர நாடுகளிலிருந்து வந்தவை, பொன்நூல், முத்து. கன்னியாஸ்திரிகள்தான் காலத்துக்குக் காலம் மாற்றிப் போடுவார்களாம். நகுலா ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாகக் குனிந்து பார்த்தாள்.

“எல்லாம் ஒரே அளவு அக்கா. இந்தப் பிள்ளை வளராது. அதுதான் இத்தனை பேரும் பயமில்லாமல் வைச்சுச் சீராட்டுகினம்.”

நான் அந்த அறையிலேயே அழத் தொடங்கிவிட்டேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவி வந்து என் கையைப் பிடித்து அவளுடைய மொழியில் ஏதோ சொன்னாள்.

பின்னேரம் றீற்றா மச்சாளின் குரல் செய்தி போனில் வந்திருந்தது. “பிள்ளை அங்க அழுதுகொண்டு இருக்குதாம். அம்மா கதவைத் திறப்பா எண்டு சொல்லுதாம். நீ ஊர் சுத்துறாய். நீ எல்லாம் ஒரு தாயே?”

இரண்டு தரம் கேட்டேன். அவன் அப்படிச் சொல்லியிருப்பான். அவனுக்கு என்னைத் தெரியும்.

மார்ச் 10, ஞாயிறு

பெட்டியைக் கட்டிவிட்டு மணிக்கூடு பார்க்கப் போனோம். சதுக்கம் நிறையச் சனம். நெருக்குப்பட்டுக்கொண்டு நடுவில் நின்றோம். மணி அடித்தது, மேலே சின்னக் கதவு திறந்தது. அந்த நொடியில் சுற்றி நின்ற அவ்வளவு பேரும் படம் எடுக்க ஒரேயடியாகக் கையைத் தூக்கினார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் குனிந்துவிட்டோம். தலையைக் கையால் பொத்திக்கொண்டு, கல்லு நிலத்தில், குந்தி.

ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. எல்லோரும் மேலே பார்த்தார்கள். நகுலாவின் முகம் என் முகத்துக்கு நேரே இருந்தது. நான் குனிவது பெரிய விஷயமில்லை, எனக்கு அது பழகிவிட்டது. இவள் ஒருவருக்கும் பயப்படாதவள். மேலாளருக்கு நேரே நின்று வாய் காட்டுகிறவள். எத்தனையோ வருடத்துக்கு முன் இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு கைப்பையோடு ரெயின் ஏறியவள். அவளை என் பிள்ளை திரும்ப நிலத்தில் குந்த வைத்துவிட்டான்.

“எழும்பு நகுலா” என்றேன்.

“நீங்கள் முதல்ல எழும்புங்கோ.”

விலா நோவோடு எழும்பி அவளுக்குக் கை கொடுத்தேன். அப்போஸ்தலர்கள் போய் முடிந்துவிட்டார்கள். நாங்கள் ஒருவரையும் காணவில்லை.

மார்ச் 11, திங்கள்

காலையில் பொலிஸ் பெண்ணுக்கு நானே அழைத்தேன். வேண்டாம் என்றேன். அவன் வீட்டுக்கு வரக் கூடாது. உறுதியாகவா என்று கேட்டாள். ஓம் என்றேன். குரல் நடுங்கினாலும் சொல் அதுதான், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

மத்தியானம் அவளே திரும்ப அழைத்தாள். லூட்டனில் ஒரு சிநேகிதனின் விலாசத்துக்குப் பிணையில் விட்டிருக்கிறார்களாம். வழக்கு முடியும் மட்டும் என்னிடமோ நகுலாவிடமோ வரவும் கூடாது, கதைக்கவும் கூடாது. அவனுடைய உடுப்புகளை எடுக்கப் பின்னேரம் ஒருவர் வருவார் என்றாள்.

றீற்றா மச்சாளின் அழைப்பு நாள் முழுக்க வந்துகொண்டிருந்தது. எடுக்கவில்லை.

அவனுடைய அறைக்குள் போனேன். வியர்வையும் பியரும் மணத்தன. ஜன்னலைத் திறந்துவிட்டேன். உள்ளுடுப்பு, ஜீன்ஸ், நல்ல சேர்ட் இரண்டு. வேலை கேட்டுப் போனால் போட வேண்டும். காலுறைகளைச் சோடி சேர்த்துச் சுருட்டி வைத்தேன். அவன் அன்றைக்குப் போட்டிருந்த சப்பாத்தைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது. பழைய சோடியைத் துடைத்து வைத்தேன். என் கை தன்பாட்டில் வேலை செய்தது. விலா குத்தும்போது மட்டும் நின்று நின்று செய்தேன். அழுகை வந்தது, அழுதுகொண்டே மடித்தேன்.

வந்தவன் டெஸ்மனின் வயதுப் பொலிஸ் பெடியன். வாசலில் நின்றான். பையைக் கொடுக்கும்போது, “அவனுக்குச் சொல்லுங்கள்…” என்று தொடங்கினேன். அவன் மெதுவாகத் தலையை ஆட்டினான். செய்தி ஒன்றும் கொண்டுபோக அனுமதி இல்லை, உடுப்பு மட்டும்தான், மன்னிக்க வேண்டும் என்றான்.

சரி என்றேன். பையை அவனிடமிருந்து திரும்ப வாங்கி, மேலே இருந்த குளிர்ச் சட்டையை எடுத்து, சிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டி, திரும்ப மடித்து வைத்துக் கொடுத்தேன்.